கல்லும் பிசினும்

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்த் திரும்புகிறவர்களைக் கேட்டால், "அடடா! என்ன கல்! என்ன வேலைப்பாடு!" என்று சொல்லி வியப்பார்கள். வியக்க வேண்டியதுதான். முதலாம் இராஜேந்திர சோழன் கங்கைக் கரை வரையில் தன் சேனையை அனுப்பி வெற்றி கண்ட பிறகு அமைத்த தலைநகரம் அது. கோயில் 1035-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றதாகச் சொல்லுகிறார்கள். அதன் விமானம் 53 மீட்டர் உயரம் வளர்ந்திருக்கிறது. அடியில் நிமிர்ந்து எழும்பி, மேலே போகப் போக மெல்ல வளைந்து குறுகும் அந்த நளினத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கம்பீரத்தோடு ஒப்பிட்டுப் பேசாத ரசிகர்கள் இல்லை. 2004-இல் யுனெஸ்கோ ஸ்தாபனமும் இக்கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்துக் கொண்டது.

ஆனால், நேயர்களே, இந்தக் கட்டுரையில் நாம் கல்லைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. கல்லுக்கு அடியிலும், கல்லின் மேலும், கல்லுக்குப் பக்கத்திலும் இருக்கிற சில அற்பமான சாமான்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறோம். அரக்கு, மெழுகு, வெண்ணெய், வெல்லம், கடுக்காய், எண்ணெய்! இவற்றில் பாதி நம் சமையலறையில் இருப்பவை. மற்றப் பாதி நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை. எல்லாம் உயிருள்ள மரத்திலிருந்தோ, பூச்சியிலிருந்தோ, பசுவிடமிருந்தோ, எருமையிடமிருந்தோ வந்தவை. இவற்றின் அணுக்கூட்டத்துக்கு முதுகெலும்பாக இருப்பது கரி. ஆனபடியால் இவற்றை ஆராயும் சாஸ்திரத்துக்குக் கரிம ரஸாயனம் என்று பெயர்.

கல்லாலான கோயிலுக்கும் வெல்லத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு கோயிலைக் காலம் எப்படிக் கெடுக்கிறது, மனிதன் எப்படிக் காப்பாற்றுகிறான், காப்பாற்றப் போய் எப்படிச் சில சமயம் கெடுத்தும் விடுகிறான் என்னும் கதையின் பெரும் பகுதி இந்தச் சாமான்களில்தான் அடங்கியிருக்கிறது.

கெடுப்பது என்றால் ஒரே நாளில் கெடுப்பதும் உண்டு. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, இக்கோயிலின் வெளி மதிலைப் பெயர்த்துக் கல்லை எடுத்துப் போனார்கள் கம்பெனி சர்க்காரின் ஆட்கள். ஊரார் தடுத்துப் பார்த்தும் பயனில்லை. தடுத்தவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. அந்தக் கொடுமையைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. ஆனால் நல்ல எண்ணத்துடன், பக்தியுடன், பணச் செலவுடன் செய்யப்படும் கெடுதலைச் சரித்திரம் பெரும்பாலும் குறித்து வைப்பதில்லை. நாம் அஞ்ச வேண்டியது அதைத்தான்.

எட்டுப் பொருளின் கட்டு

சிவாலயங்களில் மூலமூர்த்தியைப் பீடத்தோடு பொருத்துவதற்கு அஷ்டபந்தனம் என்னும் மருந்தைச் சாத்துவார்கள். அஷ்டம் என்றால் எட்டு. பந்தனம் என்றால் கட்டு. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய், செம்பஞ்சு, சுக்கான்கல், கற்காவி, சாதிலிங்கம் என்பவை அந்த எட்டு. இவற்றைப் பொடித்துக் கலந்து, வெண்ணெய் விட்டு, கை ஓயாமல் இடிப்பார்கள். இடிக்க இடிக்கச் சூடேறி, கலவை மெழுகுபோல் இளகும். இளகிய பதத்தில் பீடத்தின் சந்தில் திணித்து விட்டால், நாளாவட்டத்தில் இறுகிக் கல்லுக்குச் சமானமாகிவிடும்.

இது ஏதோ மந்திரக் கலவை என்று ஒரு சாரார் நினைக்கிறார்கள். வெறும் மூட நம்பிக்கை என்று மற்றொரு சாரார் தள்ளி விடுகிறார்கள். இரண்டு சாராரும் ஒரு நிமிஷம் பொறுத்து, எட்டுப் பொருளுக்கும் என்னென்ன உத்தியோகம் கொடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கொம்பரக்கு என்பது பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கொம்புகளில் ஒருவகைச் சிறு பூச்சி கக்கி வைக்கும் பிசின். இதன் அணுக்கூட்டம் ஒவ்வொன்றிலும் இருவகைக் கைகள் இருக்கின்றன. ஒருவகைக் கை அமிலத்தின் இயல்புடையது. மற்றது சாராயத்தின் இயல்புடையது. அமிலக் கையும் சாராயக் கையும் பற்றிக்கொண்டால் எஸ்டர் என்னும் பந்தம் உண்டாகும். இப்படிக் கைகோத்துக் கைகோத்து அரக்கு நீண்ட சங்கிலியாகிறது. இன்று நாம் உடுத்தும் பாலியெஸ்டர் துணிக்கும் இதே எஸ்டர் பந்தந்தான் ஆதாரம். அரக்குப் பூச்சி ஆலை வைக்காமலே பாலியெஸ்டர் செய்து கொண்டிருக்கிறது!

குங்கிலியம் மரத்தின் காயத்திலிருந்து வடியும் பிசின். அது பந்தனத்துக்குக் கடினமும் பிடிப்பும் தருகிறது. ஆனால் அரக்கும் குங்கிலியமும் மட்டுமே சேர்ந்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். அந்தக் குறையைத் தீர்க்க வந்தவை மெழுகும் வெண்ணெயும். இவற்றின் கொழுப்பு அணுக்கள் பிசின் சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இடம் கொடுக்கின்றன. தேன்மெழுகு நீரையும் உள்ளே விடாது. பஞ்சின் இழைகள் வெடிப்புப் பரவாமல் பிடித்து நிறுத்துகின்றன. சுக்கான்கல், காவி, சாதிலிங்கம் ஆகிய மூன்றும் மண்ணிலிருந்து வந்த பொடிகள். கலவைக்குக் கனமும் உருவமும் தந்து, இறுகும்போது சுருங்காமல் காக்கின்றன.

பிசின் ஒன்று, இளக்கும் பொருள் ஒன்று, நிரப்பும் பொடி ஒன்று, தாங்கும் நார் ஒன்று. இன்றைக்குப் படகுக்கும் மோட்டார் வண்டிக்கும் செய்கிற கண்ணாடி நார்ப் பலகையின் இலக்கணம் ஏறக்குறைய இதுவேதான். கண்ணாடி நாருக்குப் பதில் பஞ்சு; ஆலைப் பிசினுக்குப் பதில் அரக்கு. நம் முன்னோர்கள் ஆகாய விமானமும் செய்தார்கள் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அணுவின் பெயர் தெரியாமலே, கை அனுபவத்தால் பொருள்களின் குணத்தை அறிந்து சேர்த்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்லுகிறோம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அஷ்டபந்தனம் நிரந்தரமானது என்று யாரும் சொல்லவில்லை. 12 ஆண்டுக்கு ஒரு முறை அதைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகச் சாத்திக் கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்பது வழக்கம். ரஸாயனமும் அதற்கு ஒத்துக்கொள்ளுகிறது. வெண்ணெய் காற்றுப்பட்டுக் காறிப் போகும். அரக்கின் மிச்சக் கைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வர வர இறுகும். கடைசியில் கலவை நொறுங்கத் தொடங்கும். நொறுங்கும்போது பந்தனந்தான் நொறுங்குமே தவிர, மூர்த்தியும் பீடமும் நொறுங்கா. கல்லைவிடப் பந்தனம் மெலிந்தது. மெலிந்தது முதலில் அழிந்து, மேலானதைக் காக்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்திலோ 12 ஆண்டு என்ற கணக்கு எங்கேயோ தவறிப் போயிற்று. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அங்கே கும்பாபிஷேகம் நடந்தபோது, முந்திய கும்பாபிஷேகம் நடந்து 85 ஆண்டுகள் ஆகியிருந்தன. 13 அடி உயரமுள்ள அந்த மகாலிங்கத்தின் பெருமையைப் பேசுகிற நாம், இந்த 85-ஐயும் சேர்த்து நினைத்துக் கொள்வது நல்லது.

அரியலூர்ச் சுண்ணாம்பு

இக்கோயிலில் கல்லால் ஆகாதவையும் உண்டு. சந்நிதிக்கு எதிரே பிரம்மாண்டமான நந்தி படுத்திருக்கிறது. தஞ்சை நந்தியைப் போல ஒரே கல்லில் செதுக்கியதன்று. பக்கத்தில் சிங்கக் கிணறு இருக்கிறது. சிங்கத்தின் உடலுக்குள் புகுந்து படியிறங்கிக் கிணற்றுக்குப் போகலாம். குழந்தைகளுக்குக் கோயிலில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அந்தச் சிங்கம் செங்கல்லும் சுதையுமாகக் கட்டப்பட்டது. சுதை என்றால் சுண்ணாம்புக் காரை.

அரியலூர்ச் சீமை முழுவதும் சுண்ணாம்புக் கல் பூமி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த பிராணிகளின் ஓடுகளை இன்றும் அங்கே தரையிலிருந்து பொறுக்கலாம். அந்தக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் சுண்ணாம்பு. களிமண்ணோடு சேர்த்து 1,400 டிகிரிக்கு மேல் சுட்டால் சிமெண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஆனால் குணம் வேறு. இன்று அரியலூர் ஜில்லா சிமெண்டுத் தொழிற்சாலைகளுக்குப் பேர் போனது. பழைய கட்டடத்துக்கோ மூத்த பிள்ளையான சுண்ணாம்பைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அதன் காரணத்தையும், அதில் வெல்லமும் கடுக்காயும் சேர்வதன் காரணத்தையும் பார்ப்போம்.

சுட்ட கல்லை நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உண்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிவிடும். இதற்கு மாதங்களும் வருஷங்களும் ஆகும். தனிச் சுண்ணாம்பு வெயிலில் சீக்கிரம் உலர்ந்து வெடிக்கும், மழையில் கரையும். ஆகவே கொத்தனார்கள் கடுக்காயை நசுக்கி, வெல்லத்தையோ கருப்பட்டியையோ சேர்த்து, தண்ணீரில் சில நாள் ஊறப் போடுவார்கள். புளித்து நுரை கட்டிய அந்த நீரை விட்டுத்தான் காரையை அரைப்பார்கள்.

வெல்லத்தின் வேலையைப் பள்ளிக்கூடத்தில் நாம் மாணவர்களுக்குச் செய்து காட்டுவதுண்டு. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி நீற்றின சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினால் பெரும்பகுதி கரையாமல் அடியில் தங்கும். மற்றொரு தம்ளரில் முதலில் சர்க்கரையை நிறையக் கரைத்துவிட்டு அதே சுண்ணாம்பைப் போட்டால் எவ்வளவோ அதிகமாகக் கரையும். சர்க்கரையின் அணுக்கூட்டம் சுண்ணாம்பைப் பிடித்து இழுத்துக் கொள்ளுகிறது. ஆகையால் காரை குழைவாகிறது. அவசரப்பட்டு இறுகாமல் கொத்தனாரின் கரணைக்கு அடங்குகிறது. சர்க்கரை புளிக்கும்போது உண்டாகும் கரியமில வாயு காரைக்குள்ளேயே சுண்ணாம்புக்குத் தீனியாகிறது.

கடுக்காயிலிருப்பது துவர்ப்பு. நாக்கில் பட்டவுடன் வாய் இழுத்துப் பிடிப்பதுபோல் தோன்றுகிறதல்லவா? உமிழ்நீரிலுள்ள புரதங்களை அந்தத் துவர்ப்பு அமிலம் கட்டிப் போடுவதால் உண்டாகும் உணர்ச்சி அது. தோல் பதனிடுகிறவர்கள் கடுக்காயை நாடுவதும் இதே குணத்துக்காகத்தான். காரையில் அது சுண்ணாம்போடு பிணைகிறது. பூஞ்சையும் புழுவும் அண்டாமல் தடுக்கிறது. செட்டிநாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்துக் கண்ணாடிபோல் சுவரை மெருகிட்டார்கள். முட்டையிலும் தயிரிலும் உள்ள புரதங்கள் சுண்ணாம்போடு சேர்ந்து நீரில் எளிதில் கரையாத பசையாகின்றன.

இப்படிச் செய்த காரை சிமெண்டைப் போல வலிமையுள்ளதா? இல்லை. அந்த வலிமைக் குறைவிலேதான் அதன் மேன்மை இருக்கிறது. பழைய செங்கல் மென்மையானது. மண்ணிலிருந்து ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சும். மேலே சுண்ணாம்புக் காரை இருந்தால் ஈரம் அதன் நுண்துளைகள் வழியே வெளியேறும். உப்பு காரையில் பூத்துக் காரை உதிரும். காரையை மறுபடி பூசிக் கொள்ளலாம். மேலே சிமெண்டைப் பூசினாலோ, ஈரம் வெளியேற வழி தெரியாமல் உள்ளே நிற்கும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து அதைப் பொடியாக்கும். சில ஆண்டு கழித்துப் பார்த்தால் சிமெண்டுப் பூச்சு ஜம்மென்று நிற்கும். அதற்குப் பின்னால் செங்கல் மாவாகியிருக்கும்!

அஜந்தா கற்பித்த பாடம்

அரக்கைப் பற்றி இவ்வளவு புகழ்ந்தோம். அதே அரக்கு தவறான இடத்தில் என்ன செய்தது என்பதையும் சொல்லி விடுவது நியாயம்.

1920 முதல் 1922 வரையில் ஹைதராபாத் நிஜாமின் சர்க்கார், அஜந்தா குகைச் சித்திரங்களைப் பழுது பார்க்க இத்தாலியிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்தது. செக்கோனி என்பவரும் ஓர்சினி பிரபுவும் வந்தார்கள். அவர்கள் சித்திரங்களைப் பாதுகாப்பதற்கு அரக்கு மெருகைப் பூசினார்கள். பூசியபோது வர்ணங்கள் பளிச்சென்று ஜொலித்தன. ஆனால் அரக்கின் குணத்தைத்தான் மேலே சொன்னோமே! நாளாக ஆக அதன் மிச்சக் கைகள் கோத்துக்கொண்டன. மெருகு பழுப்பேறியது; சாராயத்திலும் கரைய மறுத்தது; சுருங்கி, அடியிலிருந்த வர்ணத்தையும் சேர்த்து இழுத்தது. அதைச் சித்திரத்துக்குச் சேதமில்லாமல் எடுப்பதே பிற்காலத்து இந்திய ரஸாயன நிபுணர்களுக்குப் பெரிய வேலையாயிற்று.

பீடத்தின் சந்தில் அரக்கு நொறுங்கினால் பெயர்த்து விடலாம். மயிரிழை கனமுள்ள சித்திரத்தின்மேல் அது இறுகிவிட்டால் எதைப் பெயர்ப்பது, எதை விடுவது? அந்த இத்தாலியர்கள் அயோக்கியர்கள் அல்லர், தேர்ந்த தொழிலாளிகள். அந்தக் காலத்தில் நல்லதென்று கருதியதைச் செய்தார்கள். இக்காலத்துப் பாதுகாப்பு நிபுணர்களின் முதல் விதி இம்மாதிரி அனுபவங்களிலிருந்துதான் பிறந்தது. எதைப் பூசினாலும், எதைக் கொண்டு ஒட்டினாலும், நாளைக்கு வருகிறவன் அதை எடுத்துவிட முடிய வேண்டும் என்பதே அந்த விதி.

இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலில் இந்த விதியின் அருமை நன்றாகத் தெரிந்தது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய இருட்டுப் பிராகாரத்தில், நாயக்கர் காலத்துச் சித்திரங்களுக்கு அடியில் சோழர் காலத்துச் சித்திரங்கள் மறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். சென்னை மியூசியத்தில் 1930-இல் ஏற்பட்ட ரஸாயனச் சாலையைச் சேர்ந்த எஸ். பரமசிவன் அவற்றின் சுதையையும் வர்ணத்தையும் ஆராய்ந்தார். சோழ ஓவியர்கள் பசை எதையும் நம்பாமல், ஈரச் சுண்ணாம்பின்மேலேயே வர்ணத்தைத் தீட்டிச் சுண்ணாம்பையே பசையாக்கினார்கள் என்று அவர் முடிவு கண்டார். பிற்பாடு இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் ரஸாயன நிபுணர்கள், மேலிருந்த நாயக்கர் சித்திரங்களில் பலவற்றை அழிக்காமல் படலமாகப் பெயர்த்தெடுத்துக் கண்ணாடி நார்ப் பலகைகளில் பதித்தார்கள். இப்பொழுது இரண்டு காலத்துச் சித்திரங்களும் நமக்கு மிஞ்சியிருக்கின்றன.

இம்மாதிரி ஒரு படலத்தைப் பெயர்க்க வேண்டுமானால், முதலில் சித்திரத்தின் முகத்தில் துணியையோ மெல்லிய காகிதத்தையோ ஒட்ட வேண்டும். பெயர்த்துப் பதித்த பிறகு அந்தத் துணி எளிதில் கழன்று வரவேண்டும். பசை போதாவிட்டால் படலம் உதிர்ந்து விழும். பசை விடாப்பிடியாக இருந்துவிட்டால் சித்திரம் துணியோடு போய்விடும்!

இடியாப்பமும் மீன்வலையும்

ஒரு பிசின் கரையுமா, கரையாதா என்பதை எப்படி முன்கூட்டி அறிவது? அதற்கு ஓர் எளிய உபமானம் சொல்லுகிறோம். சில பிசின்களின் சங்கிலிகள் இடியாப்பத்தின் இழைகளைப்போல் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும், கட்டுண்டிருப்பதில்லை. தகுந்த திரவத்தை விட்டால் இழைகள் பிரிந்து கரைந்துவிடும். வேறு சில பிசின்களின் சங்கிலிகள் மீன்வலையைப்போல் முடிச்சுக்கு முடிச்சு பிணைந்திருக்கும். எந்தத் திரவத்தை விட்டாலும் வலை சற்று ஊறுமே தவிரப் பிரியாது. பெண்கள் நகத்தில் பூசும் சாயம் முதல் ஜாதி. அசிட்டோன் பட்டவுடன் கரைகிறது. இரண்டு குழாய்ப் பசைகளைக் கலந்து உடைந்த பாத்திரத்தை ஒட்டுகிறோமே, அந்த எபாக்சி இரண்டாவது ஜாதி. ஒட்டினது ஒட்டினதுதான்.

இன்று உலகமெங்கும் மியூசியங்களில் கையாளும் பாரலாய்ட் பி-72 என்னும் அக்ரிலிக் பிசின் இடியாப்ப ஜாதியைச் சேர்ந்தது. அசிட்டோனில் கரையும், ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலும் கரையும், எளிதில் மஞ்சளாகாது. இவ்வளவு நல்ல பிசினிலும் நம் நாட்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. அது சுமார் 40 டிகிரி சூட்டில் கண்ணாடித் தன்மையை விட்டு இளகத் தொடங்கும். குளிர்ந்த தேசத்து மியூசியத்தில் அதனால் தொந்தரவில்லை. சித்திரை வெயிலில் நிழலிலேயே 40 டிகிரியை நெருங்குகிற அரியலூரில், வெயில் காயும் கருங்கல்லின் சூடு எவ்வளவு இருக்கும்? இளகிய பிசினில் புழுதி ஒட்டும். ஒட்டின புழுதி குளிர்ந்தபின் அதிலேயே புதைந்து போகும். சித்திரங்களுக்கு நம் நாட்டில் வெகுகாலம் பூசிவந்த பாலிவினைல் அசிடேட்டுக்கோ இன்னும் குறைந்த சூடே போதும். அதுவும் அன்றிக் காலப்போக்கில் அது காடியின் புளிப்பான அசிடிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக வெளிவிடக் கூடும். சுண்ணாம்புக்கும் புளிப்புக்கும் ஆகாதென்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே மேல்நாட்டில் நல்லதென்று பெயர் வாங்கிய பண்டம் நம் ஊர் வெயிலிலும் மழையிலும் நல்லதாயிருக்குமா என்று நாமே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் 1917-இல் தொல்பொருள் துறையில் ரஸாயனப் பிரிவு தொடங்கிற்று. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு அது இன்றும் வேலை செய்து வருகிறது.

செப்புத் திருமேனிகளின் கதையும் இப்படிப்பட்டதே. கங்கைகொண்ட சோழபுரத்திலுள்ள செப்புச் சுப்பிரமணியர் மிகப் பிரசித்தமானவர். அத்தகைய திருமேனிகளுக்கெல்லாம் முதல் உடல் மெழுகுதான். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து ஸ்தபதி உருவம் பிடிப்பார். அதன்மேல் மண் பூசிச் சுடுவார். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் வந்து அமரும். மண்ணுக்குள் வெகுகாலம் புதைந்து கிடந்த திருமேனியில் உப்பு ஏறியிருந்தால், வெளியே எடுத்தபின் ஈரக் காற்றில் வெளிர் பச்சைப் பொடி பூத்து உலோகத்தை அரிக்கும். 1967 முதல் இதற்குப் பென்ஸோட்ரையஸோல் என்னும் கரிமப் பொருளைக் கையாண்டு வருகிறார்கள். அதன் நைட்ரஜன் அணுக்கள் செம்போடு பிணைந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு போர்வையாகிவிடுகின்றன. பிறக்கும்போது மெழுகு, நோய் வந்தபோது மருந்து. உலோகத் திருமேனியும் கரிமப் பொருளின் தயவில் வாழுகிறது!

நம் வீட்டு எண்ணெய்

நிபுணர்களைப் பற்றியே பேசிக்கொண்டு போனால், "நமக்கென்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். நம் கையில் இருப்பது நல்லெண்ணெய்.

விமானத்தின் வடபுற வாயிலருகே, சிவபெருமான் சண்டேசருக்குத் தம் கையாலேயே மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. சோழச் சிற்பங்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்று. இம்மாதிரிச் சிற்பங்களைக் கண்டால் நம்மில் சிலருக்குக் கை சும்மா இருப்பதில்லை. எண்ணெய்க் கையால் தொட்டு, குங்குமம் அப்பி, காலடியில் அகலை ஏற்றி வைத்துவிட்டு வருகிறோம். பக்தியைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ரஸாயனம் என்ன சொல்லுகிறது என்பதை மட்டும் சொல்லுகிறோம். நல்லெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பந்தங்கள் உண்டு. காற்றிலுள்ள பிராணவாயு அவற்றில் புகுந்து, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் முடிச்சுப் போடுகிறது. இடியாப்பம் மீன்வலையாகிறது! வீட்டில் பழைய எண்ணெய்க் குப்பியின் கழுத்தில் பிசுபிசுவென்று ஒட்டி, துடைத்தாலும் போகாமல் அடம் பிடிக்கிறதே, அது இதுதான். கல்லில் அது விளக்குப் புகையின் கரியையும் ஊர்ப் புழுதியையும் சேர்த்துப் பிடித்துக் கறுப்புத் தோலாகிறது.

அதை எடுக்கத் தொல்பொருள் துறையார் நீர்த்த அம்மோனியாவையும் மென்மையான சோப்புச் சத்தையும் கொண்டு பொறுமையாகக் கழுவுகிறார்கள். பிடிவாதமான இடங்களில் காகிதக் கூழையோ களிமண்ணையோ பற்றுப் போட்டு அழுக்கை இழுக்கிறார்கள். ஒவ்வொரு கழுவலும் கல்லுக்குச் சற்றேனும் சிரமந்தான். விளக்கை அதற்குரிய இடத்தில் ஏற்றினால் இத்தனை வேலையும் மிச்சம்.

மூன்று கேள்விகள்

கங்கைகொண்ட சோழபுரம் தொல்பொருள் துறையின் கண்காணிப்பில் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு பழைய கோயில் உண்டு. அங்கெல்லாம் திருப்பணியை நடத்துகிறவர்கள் ஊர்ப் பெரியவர்களும் உபயகாரர்களுமே. அவர்களிடம் கடைக்காரர்கள் வந்து, "சார், இந்தப் பெயிண்டை அடித்தால் ஐம்பது வருஷம் கவலையில்லை" என்கிறார்கள். ஐம்பது வருஷம் போகாது என்பது அந்தப் பெயிண்டின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. சுதைப் பொம்மையின்மேல் எனாமல் பெயிண்டு பிளாஸ்டிக் தோலாக மூடிக்கொண்டு, உள்ளே ஈரத்தைச் சிறை வைக்கிறது. தோல் உரியும்போது பொம்மையின் மூக்கையும் விரலையும் சேர்த்துக்கொண்டு உரிகிறது.

அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிக் கூட்டம் கூடும்போது, சந்தாப் பணத்தோடு மூன்று கேள்விகளையும் கொண்டு போங்கள். இப்போது பூசப் போகும் பொருள், பழைய பொருளைவிட மெலிந்ததா, கடினமானதா? ஈரம் வெளியேற அது வழி விடுமா? நாளைக்கு வேண்டாமென்றால் பழையதற்குச் சேதமில்லாமல் அதை எடுக்க முடியுமா? இவற்றைக் கேட்பதற்கு ரஸாயனப் பட்டம் வேண்டியதில்லை. பதில் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் சாமான் வாங்காமல் இருப்பதற்கும் பட்டம் வேண்டியதில்லை.

சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் கலந்து காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் நம் ஜில்லாக்களில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வயதாகிறது. கூலி கொஞ்சம் அதிகமானாலும், நாள் கொஞ்சம் நீண்டாலும், ஊர்த் திருப்பணிக்கு அவர்களை அழைத்து, கூட இரண்டு பிள்ளைகளையும் வேலை பழகச் சேர்த்துவிட வேண்டும். பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தக் காரையைப் புதுப்பிப்பதற்கு அந்தப் பிள்ளைகள் வேண்டியிருக்கும்.